நாற்பது ஏக்கரும் நாதியற்றோரும்

உழைத்தால் உயரலாம் என்று உபதேசம் செய்வதற்கு, உழைக்காமலே உயர்ந்துவிட்டவர்களுக்கு என்றைக்கும் ஓய்வு உண்டு. "ஏழைக்குச் சோறிடாதீர், அவன் கையிலே ஏரைக் கொடுங்கள், தன் காலில் தானே நிற்பான்" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஏரைக் கொடுக்கச் சொல்லும் அந்தப் பெருந்தகையாளர், அந்த ஏர் எவருடைய நிலத்திலே ஓடும், விதைக்கு எவர் கடன் கொடுப்பார், விளைந்ததை எவர் அளந்துகொண்டு போவார் என்ற மூன்று கேள்விகளை மட்டும் எழுப்புவதே இல்லை. எழுப்பினால் உபதேசம் அங்கேயே உடைந்து போகும் என்பது அவருக்குத் தெரியும்.

தன்னிறைவு என்ற சொல்லை நாம் வெறுக்கவில்லை. தன்மானத்தை உயிரெனக் கொண்டோர் தன்னிறைவை வெறுப்பரோ! பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவனின் முதுகு நிமிர்வது அரிது. ஆகவேதான், இல்லாதார் ஒன்றுகூடி, நிலத்தைப் பொதுவில் வைத்து, உழைப்பைப் பொதுவில் இட்டு, விளைவைப் பகிர்ந்து உண்ணும் கூட்டுப் பண்ணை முயற்சிகளை, வாழ்த்துக் கூறுவதோடு விட்டுவிடாமல், தராசிலே இட்டு நிறுத்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. எது நின்றது, எது வீழ்ந்தது, ஏன் வீழ்ந்தது என்று ஆராயாமல் புகழ்ந்து பாடுவது புராணிகர் வேலை. பகுத்தறிவாளருக்கு அந்த வேலை வேண்டாம்.

அந்த ஆராய்ச்சிக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டிலே கிடைக்கிறது. வானளாவிய மாளிகைகளும் வற்றாத பொன்வளமும் கொண்டதெனப் பேசப்படும் அந்நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தின் சன்ஃபிளவர் வட்டாரத்தில், ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்மணி 1960-களின் இறுதியில் நிறுவிய விடுதலைப் பண்ணையே அது.

பருத்திக் காட்டில்

1917-ஆம் ஆண்டில், இருபது பிள்ளைகளுக்குள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஹேமர். பெற்றோர் வாரக்குடிகள். ஆறு வயதிலேயே அந்தக் குழந்தையின் விரல்கள் பருத்தி எடுக்கத் தொடங்கிவிட்டன. வாரம் என்ற அந்த ஏற்பாட்டின் இலட்சணத்தை நம் நாட்டுப் பண்ணையாட்களுக்கு விளக்கவேண்டிய தேவையே இராது. நிலம் முதலாளியுடையது; விதையும் உரமும் முதலாளி கடையில் கடன்; கஞ்சிக்கு வேண்டிய தானியமும் அங்கேயே கடன்; ஆண்டு முடிவில் கணக்கு எழுதுபவரும் அதே முதலாளி. விளைவில் பாதி உனக்கு என்று பேச்சு. கடனைக் கழித்த பிறகு எஞ்சுவதோ அடுத்த ஆண்டுக்கான கடன்! 1865-இல் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. கணக்குப் புத்தகத்தில் அது குந்திக்கொண்டது.

ஒருமுறை அந்தக் குடும்பம் தலைதூக்கப் பார்த்தது. அரும்பாடுபட்டுச் சிறிது நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். கோவேறு கழுதைகளும் மாடுகளும் வாங்கினார்கள். வாரக்குடி, குத்தகைக்காரனாக உயர்வதா? அண்டையிலிருந்த வெள்ளையன் ஒருவன் இரவோடிரவாகத் தீவனத்திலே நஞ்சைக் கலந்தான். கால்நடைகள் செத்தன. குடும்பம் மீண்டும் வாரத்துக்கே வந்து விழுந்தது. "உழைத்தால் உயரலாம்" என்போர் இந்த நிகழ்ச்சியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் உழைத்தார்கள். உயரவும் தொடங்கினார்கள். உயர்ந்ததே குற்றமாயிற்று!

1962 ஆகஸ்ட் 31 அன்று, வாக்காளராகப் பதிந்துகொள்ளத் தோழர்களோடு பேருந்தில் இண்டியனோலா நகருக்குச் சென்றார் ஹேமர். அன்றிரவே பண்ணை முதலாளி அவரை வெளியேற்றினார். பதினெட்டு ஆண்டு உழைப்புக்கு ஒரே நாளில் விடைகொடுத்தாகிவிட்டது. 1963 ஜூனில் வினோனா நகர்ச் சிறையில் நையப் புடைக்கப்பட்டார். அந்த அடியின் வலி சாகும்வரை அவரை விட்டு அகலவில்லை. 1964-இல், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முன் நின்று, தமக்கு நேர்ந்ததை நாடறியச் சொன்னார். அந்தச் சாட்சியம் தொலைக்காட்சியில் ஒலிக்கவிடாமல் இருக்க, குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகத் தாமே ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தைக் கூட்ட நேர்ந்தது. ஆறாம் வயதில் பருத்தி எடுத்தவளின் பேச்சுக்கு வெள்ளை மாளிகை அஞ்சியது!

பசியே சாட்டை

வாக்குரிமைக்குப் போராடியவர், வேளாண்மைக்கு ஏன் வந்தார்? இந்த வினாவுக்கான விடையில்தான் விடுதலைப் பண்ணையின் பொருளே அடங்கியிருக்கிறது.

1962-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், சன்ஃபிளவருக்கு அடுத்த லெஃப்ளோர் வட்டார நிர்வாகம், நடுவணரசு ஏழைகளுக்கு இலவசமாக அளித்து வந்த உணவுப் பண்டங்களை நிறுத்திவிட்டது. வாக்குரிமை இயக்கம் அங்கே வேர்விட்ட நேரம் அது. துப்பாக்கியைக் காட்டி அடக்க முடியாதவர்களை அடுப்பை அணைத்து அடக்கலாம் என்று கணக்குப் போட்டனர்.

பின்னர் இலவசப் பண்டங்களின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. அந்த முத்திரையை அந்நாளில் காசு கொடுத்தே வாங்க வேண்டும். காசே இல்லாதவன் என் செய்வான்? அதே காலத்தில் பருத்தி எடுக்கும் இயந்திரமும் களைக்கொல்லி மருந்தும் வயலில் இறங்கின. 1967-இல் பண்ணைத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது, கூலியைக் கூட்டுவதைவிட ஆளைக் குறைப்பதே மேல் என்று முதலாளிகள் முடிவு செய்தனர். தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிளறியவர்கள், மண்ணும் இன்றி, கூலியும் இன்றி நின்றனர். உலகிலேயே வளமிக்க கரிசல் நிலங்களுள் ஒன்றின் நடுவே, பசியால் வயிறு உப்பிய குழந்தைகள்! 1967-இல் ஹேமரின் வளர்ப்பு மகளே இளவயதில் மாண்டாள். சத்துணவின்மை அவளை முன்னரே உருக்கியிருந்தது.

இதே சன்ஃபிளவர் வட்டாரத்தில்தான் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்தின் பண்ணை இருந்தது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். பருத்தி விலையைக் காக்க, விளைவைக் கட்டுப்படுத்தும் அரசுத் திட்டத்தின்கீழ், 1967-இல் அப்பண்ணைக்குக் கிடைத்த மானியம் இலட்சம் டாலருக்கும் மேல்! பயிரிடாமல் இருந்தமைக்காகச் செல்வனுக்குப் பரிசு; பயிரிட நிலமில்லாதவனுக்கோ காசு கொடுத்தால்தான் உணவு முத்திரை. ஏழைக்குத் தரும் உதவிக்குப் பிச்சை என்று பெயர். சீமானுக்குத் தரும் பிச்சைக்கு விலைப் பாதுகாப்பு என்று பெயர். பெயரிடும் உரிமை எவனிடம் இருக்கிறதோ, அவன் கையில்தான் பெட்டகத்தின் சாவியும் இருக்கிறது.

அந்நாளில் பக்கத்து பொலிவர் வட்டாரத்தில், மவுண்ட் பேயூ ஊரில் மக்கள் மருத்துவமனை தொடங்கிய டாக்டர் ஜாக் கைகர், சத்துணவின்றி நலிந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலே பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் பண்டத்தைக் கொடுத்துவிட்டு, பணத்தை மருத்துவமனையின் மருந்துக் கணக்கில் பெற்றுக்கொள்வார். மேலதிகாரிகள் சீறினர். சத்துக்குறைவு என்ற நோய்க்கு மருத்துவ நூலில் கண்ட மருந்து உணவுதான் என்று விடையளித்தார் அவர். அடுத்த கேள்வி இயல்பாகவே பிறந்தது: மருந்தாகும் உணவை நாமே விளைவித்தால் என்ன? அங்கே வட பொலிவர் கூட்டுறவுப் பண்ணை எழுந்தது. சன்ஃபிளவரில் ஹேமரின் விடுதலைப் பண்ணை எழுந்தது.

பன்றி வங்கி

தேசிய நீக்ரோ மாதர் மன்றம், டாரதி ஹைட் அம்மையாரின் தலைமையில், 1968-இல் சில பத்துப் பன்றிகளை வாங்கித் தந்தது. அதுவே முதல். சினைப் பன்றியை ஒரு குடும்பத்துக்குக் கடனாகக் கொடுப்பது. குட்டிகள் அந்தக் குடும்பத்துக்கு. சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தந்தால் அவை அடுத்த வீட்டுக்குப் போகும். பன்றி வங்கி என்றே அதற்குப் பெயர். இந்த வங்கியில் ஈடு கேட்கவில்லை, வட்டி ஏறவில்லை, முதல் மட்டும் குட்டி போட்டது! சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் குளிர்காலச் சட்டியிலே இறைச்சி வெந்தது. பன்றியைத் தொட்டால் தீட்டு என்றும், மேய்ப்பவனே தீண்டத்தகாதவன் என்றும் சாத்திரம் எழுதி வைத்த நாட்டிலிருந்து நோக்கும்போது, இழிவென்று ஒதுக்கப்பட்ட விலங்கை விடுதலையின் முதலீடாக மாற்றிய அந்தத் துணிவு நமக்கு மேலும் இனிக்கிறது.

அடுத்து நிலம். முதலில் வாங்கியது 40 ஏக்கர். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், படைத்தலைவர் ஷெர்மன் விடுதலை பெற்ற அடிமைக் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் ஒதுக்கி ஆணையிட்டதும், அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பறித்து மீண்டும் பழைய முதலாளிகளிடமே ஒப்படைத்ததும் வரலாறு. நூறாண்டு கழித்து, கொடுக்காமல் விட்ட அந்த நாற்பது ஏக்கரை அம்மக்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று! பின்னர்ப் பண்ணை ஏறத்தாழ 680 ஏக்கராக வளர்ந்தது. கீரையும் பட்டாணியும் அவரையும் வெண்டையும் சர்க்கரைவள்ளியும் உறுப்பினர் உணவுக்கு. பருத்தியும் சோயாவும் நிலக்கடன் தவணைக்கு. வீடு கட்டிக்கொள்ள வழிகாட்டினர். தையல் தொழில் தொடங்கினர். பசித்து வந்த ஏழை வெள்ளையரையும் விரட்டவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே ஒரு பெரும் பண்பாடு.

உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டாலர். பெயரளவில் 1,500 குடும்பங்கள் சேர்ந்தன. சந்தா செலுத்த முடிந்தவையோ சுமார் 30 குடும்பங்கள்தாம்! தோழர்களே, இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு நூல் அளவு விளக்கம் அதிலே இருக்கிறது. விருப்பத்துக்குக் குறைவில்லை; உழைப்புக்கும் குறைவில்லை. குறைந்தது ஒரு டாலர்.

வீழ்ச்சியை எப்படி வாசிப்பது?

1970-களின் தொடக்கத்தில் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்தன. நன்கொடைகள் சுருங்கின. ஹேமரின் உடல் தளர்ந்தது. 1976-இல் கடனுக்கும் வரிக்கும் நிலம் போயிற்று. 1977 மார்ச் 14 அன்று, ஐம்பத்தொன்பதாம் வயதில், ஹேமர் மறைந்தார்.

இந்த வீழ்ச்சியை இரண்டு விதமாகத் தவறாக வாசிக்கிறார்கள். ஒரு சாரார், "பார்த்தீர்களா, ஏழைகளுக்கு நிர்வாகம் தெரியாது, கூட்டுறவு நடைக்கு ஒவ்வாது" என்பர். மறுசாரார், வீழ்ந்த கதையை மெல்ல மறைத்துவிட்டு, ஹேமரைத் தெய்வமாக்கி மாலையிடுவர். முன்னவர் கூற்று வஞ்சகம். பின்னவர் கூற்று சோம்பல்.

வடக்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கும் மோனிகா ஒயிட், 2018-இல் வெளியிட்ட ‘ஃப்ரீடம் ஃபார்மர்ஸ்’ என்ற நூல் இத்துறையில் பெரும்பணி செய்திருக்கிறது. மண் என்றாலே அடிமைத்தனத்தின் நினைவு, ஆகவே கறுப்பின மக்கள் மண்ணைவிட்டு வடபுலத்து நகரங்களுக்கு ஓடினர் என்பதே வழக்கமான வரலாறு. ஓடாமல் நின்று, அந்த மண்ணையே எதிர்ப்பின் அரணாக ஆக்கினவர்களும் உண்டு என்பதைச் சான்றுகளோடு நிலைநாட்டியது அந்நூலின் சிறப்பு. வீழ்ச்சியையும் அது மறைக்கவில்லை. எனினும், எதிர்ப்பு என்ற ஒளியிலே பார்க்கும்போது கணக்கு என்ற நிழல் சற்றே மங்கித் தெரிகிறது. செயல்வீரர்களாகிய நமக்கு அந்த நிழலும் தேவை.

எனவே, அன்பின் உரிமையோடு மூன்று குறைகளைச் சுட்டுவோம். முதலாவது, பண்ணையின் பணம் தொலைவிலிருந்து வந்தது. மேடிசன் நகரத்து ‘மெஷர் ஃபார் மெஷர்’ என்ற நல்லோர் குழுவும், பாடகர் ஹாரி பெலஃபான்ட்டி போன்றோரும் உதவினர். உயர்ந்த உள்ளங்கள்தாம், ஆனால், நன்கொடை என்பது மழையைப் போன்றது, கால்வாயைப் போன்றதன்று. இரண்டாவது, ஒரே பெண்மணியின் பேச்சாற்றலே பண்ணையின் கருவூலமாக இருந்தது. அவர் மேடையேறினால் பணம் வரும். நோயில் படுத்தால் வராது. தலைவரைச் சார்ந்து நிற்கும் நிறுவனம், தலைவரின் நாடித்துடிப்போடு தானும் துடித்து அடங்கும். மூன்றாவது, உணவு, வீடு, உடை, அவசர உதவி என்று எல்லாப் பசிக்கும் ஒரே பண்ணை சோறு போட முயன்றது. வாடுபவரைக் கண்டு மறுக்க மனமில்லை. ஆனால், தவணைக்கு வைத்த பணம் தருமத்துக்குப் போனால், அடுத்த ஆண்டு தருமம் செய்யவும் நிலம் இராது.

இவை குறைகள், எனினும், காரணத்தின் வேர் இவற்றுக்கும் கீழே ஓடுகிறது. அதே வெள்ளத்திலும் வறட்சியிலும் பெரும்பண்ணைகள் பிழைத்தன. எப்படி? மானியமும் வங்கிக் கடனும் அவற்றைத் தாங்கின. கறுப்பின உழவருக்கு வேளாண் துறைக் கடன் அலுவலகங்கள் காட்டிய பாகுபாட்டை எதிர்த்துத் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில், 1999-இல் உடன்படிக்கை ஏற்பட்டு, இழப்பீடாக நூறு கோடி டாலருக்கும் மேல் அரசே கொடுக்க நேர்ந்தது. 1920-இல் ஒன்பது இலட்சத்துக்கும் மேலிருந்த கறுப்பின உழவர் தொகை, 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அரை இலட்சத்தையும் எட்டவில்லை. இத்தனை இலட்சம் பேரும் சோம்பேறிகளா? இத்தனை பேருக்கும் நிர்வாகம் தெரியாதா? அறிவுடையோர் கூறட்டும்!

அதே 1967-இல் தோன்றிய தென்புலக் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பு இன்றும் இயங்குகிறது. பல சங்கங்கள் கைகோத்து, சட்ட உதவியையும் கடன் வசதியையும் சந்தையையும் பொதுவாக்கிக்கொண்டதால் அது நின்றது. தனிமரம் புயலில் சாய்ந்தது, தோப்பு தாங்கிற்று.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹேமர் கடவுள் நம்பிக்கை மிக்கவர்; தேவாலயப் பாடல்களைப் பாடியே கூட்டத்தைத் திரட்டியவர். நாம் அந்த வழியினர் அல்லர். ஆயினும், மறுமையில் மன்னா கிடைக்கும், இம்மையில் பொறுத்திரு என்று அவர் போதித்ததில்லை. பொறுமையைப் போதித்த போதகர்களை அவரே கடிந்தார். பாட்டை முடித்ததும் பன்றிக்குத் தீவனம் வைக்கப் போனவரை நாம் மதிக்கிறோம். பாட்டிலேயே நின்றுவிடுவோரைத்தான் விலக்குகிறோம்.

நமக்கு என்ன?

1873-இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை விலங்கை ஒடிக்கப் பாடுபட்ட அமெரிக்க நல்லோர்க்குப் படைத்தார். அந்நாட்டுக் கறுப்பனின் விலங்கும் இந்நாட்டுச் சூத்திரன், ஆதிசூத்திரனின் விலங்கும் ஒரே பட்டறையில் அடித்தவை என்று அவர் கண்டார். ஆதலின், மிசிசிப்பியின் பாடம் நமக்கு அயலாரின் பாடமாகாது.

நம் நாட்டிலும் நிலமற்றோர்க்கு நிலம் என்ற முழக்கம் எழுந்தது. 1951 ஏப்ரலில், தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நூறு ஏக்கர் தானம் பெற்று, வினோபா பாவே பூமிதான இயக்கம் தொடங்கினார். வினோபாவின் தூய்மையை எவரும் ஐயுறவில்லை. ஆனால், தானம் கொடுப்பவன் எதைக் கொடுப்பான்? கல்லும் கரடும், வழக்கில் கிடந்த நிலமும் பெருமளவில் ஏட்டில் ஏறின. உழவன் கையில் சேர்ந்தது அதில் ஒரு பகுதியே. கொடுப்பவனுக்குப் புண்ணியம், வாங்குபவனுக்கு நன்றிக்கடன்! உரிமையாய் வரவேண்டியது தயவாய் வந்தால், அதோடு ஒரு கும்பிடும் சேர்ந்தே வரும்.

இன்னொரு வழியும் உண்டு. 1998-இல் தொடங்கிய கேரளத்துக் குடும்பஸ்ரீ இயக்கத்தில், ஏழைப் பெண்கள் நான்கு முதல் பத்துப் பேர் வரை குழுவாகச் சேர்ந்து, தரிசையும் வயலையும் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகின்றனர். ஊராட்சி துணை நிற்கிறது, வங்கிக் கடன் வருகிறது, பயிற்சி கிடைக்கிறது. பொருளியல் அறிஞர் பினா அகர்வால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கேரளத்துப் பெண்களின் குழுப் பண்ணைகள், ஹெக்டேருக்குரிய விளைவின் மதிப்பில் தனிக் குடும்பச் சிறு பண்ணைகளை மிஞ்சி நின்றதைக் காட்டினார். பெண்ணுக்கு ஏர் எதற்கு என்று கேட்டவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்! எனினும், அங்கும் ஒரு முள் இருக்கிறது. 1970 முதல் கேரளத்தில் குத்தகையே சட்டப்படி இல்லை. ஆகவே அந்தப் பெண்களின் குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல்தான். தரிசைத் திருத்திப் பொன்விளையச் செய்த பிறகு, உடையவர் வந்து "போதும், எழுந்திருங்கள்" என்றால், எழுந்திருக்கத்தான் வேண்டும். உழைப்பு ஊன்றிவிட்டது, உரிமை இன்னும் ஊன்றவில்லை.

ஆகவே, கூட்டுப் பண்ணைத் திட்டம் எதுவாயினும், அதன் விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பட்டா எவர் பெயரில்? கடன் எந்த வாசலில், எந்த வட்டிக்கு? மழை பொய்த்த ஆண்டில் இழப்பை ஏற்பவர் எவர்? தலைவர் இல்லாத நாளிலும் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு உறுப்பினர் கையில் இருக்கிறதா? நான்குக்கும் நேரான விடை இருந்தால், தோள் கொடுங்கள். இல்லையெனில், வாழ்த்து மடலை எழுதுமுன் போராட்ட மடலை எழுதுங்கள்.

தன்னிறைவு என்பது, அரசு தன் கடமையிலிருந்து கழன்றுகொள்ள ஏழையின் கழுத்தில் மாட்டும் மாலையாகிவிடக் கூடாது. செல்வனின் பண்ணைக்கு அரசு தாங்குதூணாக நிற்கும்வரை, ஏழையின் பண்ணைக்கு மட்டும் "தன் காலில் நில்" என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. கால் இருக்கிறது அவனுக்கு, அவளுக்கும் இருக்கிறது. நிற்பதற்குத்தான் நிலம் கேட்கிறார்கள்!